'புயலிலே ஒரு தோணி': அறுபதாம் பக்கத்தில் தரைதட்டி நிற்கிறேன்

உப்புக்காற்று:
நூலகத்தில் நாலு நாவல் எடுத்துவந்தேன். மூன்று முடிந்தது. 'தண்ணீர்' இரண்டே இரவு. லாரிக்காகக் குடத்தோடு உட்கார்ந்திருந்தபோதே பாதி ஓடிவிட்டது. அசோகமித்திரன் 1970களில் எழுதியது என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். பூமணியின் 'வெக்கை'யில் வெட்டு தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் அப்பனும் மகனும் ஒளிந்து திரிவதுதான் கதை. அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்துவிட்டுப் போனவளுக்கு அந்த நிதானம் புதுசு.

'கரிப்பு மணிகள்' மட்டும் ஒரு மாதம் இழுத்தது. எனக்குத் தூத்துக்குடி. ஆச்சி அளத்தில் உப்பு வாரியவள். ராத்திரி அவள் பாத வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவுவது என் வேலை. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகும். கதாநாயகி பொன்னாச்சி அளத்துக்கு வேலைக்குப் போகிறாள் என்று வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. ராஜம் கிருஷ்ணன் சில இடங்களில் பிரசங்கம் செய்கிறார்தான். ஆனாலும் ஆச்சி வாயே திறக்காத விஷயங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

நாலாவது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கோ இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருப்பெயர், மலாய்ச்சொல், திடீரென்று நடுவில் மதுரை. யார் பேசுகிறார் என்றே பிடிபடவில்லை. விட்டுவிடலாமா?

வட்டிக்கடைப் பேரன்:
விடாதீர்கள். முதலில் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். அவர் எழுதியதே இந்த இரண்டு நாவல்தான். பினாங்கு வட்டிக்கடை, செல்லையா, முதலாளி மகள் மரகதம் என்று நேராகப் போகும். என் தாத்தா மலேயாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக இருந்தவர். மேலாள், அடுத்தாள் என்று கடை ஆட்களின் படிநிலைக்கு அவர் சொல்லிக் கேட்ட சொற்களை அச்சில் பார்த்தது சிங்காரத்திடம்தான்.

மாசிவீதி:
எனக்கு நேர்மாறு. 'கடலுக்கு அப்பால்' சாதாரணக் காதல்கதை. 'தோணி'யை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கதாநாயகன் பாண்டியன் குடித்துவிட்டு மதுரையை நினைக்கிற பக்கங்கள் கண்ணால் படித்தால் நகராது. காதில் விழ வேண்டும். மலாய்ச்சொல்லுக்கு அர்த்தம் தேடி நிற்காதீர்கள். கப்பலேறிப் போனவனுக்கு மட்டும் முதல் நாளே புரிந்ததா என்ன?

உப்புக்காற்று:
சரி, நேற்று மொட்டைமாடியில் சத்தமாக வாசித்தேன். கீழ்வீட்டு மாமி யாரோடு சண்டை என்று பார்க்க மேலேயே வந்துவிட்டார். எண்பதாம் பக்கம் தாண்டியாச்சு. நூலகத்துக்கு அபராதம் கட்டிக்கொள்கிறேன்.