பவுலின் முதல் விசாரணையில் லூக்கா எங்கே இருந்தார்?

தோற்சுருள்:
நம் இணைய மன்றத்தில் ஊழியத்தில் வரும் சோர்வைக் குறித்த பழைய இழையில் மேய்ப்பன்கோல் ஐயா எழுதிய வாக்கியத்தை அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன்: “உண்மையுள்ள ஊழியன் கடைசியில் தனியாகத்தான் நிற்பான், பவுலை லூக்கா உட்பட எல்லாரும் கைவிட்டார்கள், ஆகவே சபையார் உங்களை விட்டு விலகிப் போகிறார்கள் என்றால் நீங்கள் சரியான பாதையில் நடக்கிறீர்கள் என்று பொருள்.” இதற்குக் கீழே வரிசையாக ‘ஆமென்’ போட்டவர்களில் ஒருவராவது, பவுல் ரோமாபுரிச் சிறையிலிருந்து எழுதிய 2 தீமோத்தேயு நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தாரா என்று அறிய விரும்புகிறேன். “லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்” என்று 11ஆம் வசனம் சொல்லுகிறது. தேமா போனான், கிரெஸ்கே போனான், தீத்து போனான் என்று எழுதிவிட்டு, போகாமல் நின்ற ஒரே மனிதராகப் பவுல் குறிப்பிடுகிறவரையே ஓடிப்போனவர்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். பிரசங்கத்துக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு பரிசுத்தவான்மேல் இப்படிப் பழி சுமத்தலாமா?

மேய்ப்பன்கோல்:
சகோதரர் தோற்சுருள் 11ஆம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டார்போலும். 16ஆம் வசனம் இன்னும் அச்சில்தான் இருக்கிறது: “நான் முதல்விசை உத்தரவுசொல்ல நிற்கையில் ஒருவனும் என்னோடேகூட இருக்கவில்லை, எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள்.” உத்தரவுசொல்லுதல் என்றால் விசாரணையில் தன் தரப்பைச் சொல்லுதல். ஒருவனும் இல்லை என்று அப்போஸ்தலர் சொன்ன பிறகு, லூக்காவுக்கு மட்டும் தனி விதிவிலக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? நான் லூக்காவை இழிவுபடுத்தவில்லை. எவ்வளவு நல்ல மனிதரானாலும் நெருக்கடியின் உச்சத்தில் ஊழியனோடு நிற்க முடியாது, கர்த்தர் ஒருவரே நிற்பார் என்பதுதான் என் கருத்து. அடுத்த வசனம் “கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று” என்று தொடங்குவதையும் வாசித்துவிட்டு வாருங்கள். இதை நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது, சகோதரரே. சபை நடத்தியவனுக்குத்தான் தெரியும்.

தோற்சுருள்:
சபை நடத்தினால் லூக்கா இருந்த இடம் தெரிந்துவிடும் என்பது எனக்குப் புதிய செய்தி. போகட்டும், வாதத்துக்கு வருகிறேன்.

16ஆம் வசனம் நடந்து முடிந்த ஒரு விசாரணையைப் பற்றிப் பேசுகிறது. 11ஆம் வசனம் கடிதம் எழுதப்படும் நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு காலம் ஓடியது என்பதைப் பவுல் சொல்லவில்லை. அந்த முதல் விசாரணையின்போது லூக்கா ரோமாபுரிக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்கவே மாட்டார் என்பதுதான் நேர்மையான வாசிப்பு. பவுல் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார் என்பதே எளிதில் தெரியவில்லை. ஒநேசிப்போரு ரோமாவுக்கு வந்து அவரை வெகு ஜாக்கிரதையாய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று முதலாம் அதிகாரமே சொல்லுகிறது. வராத ஒருவரைக் கைவிட்டவர் என்று எந்த நியாயத்தில் சொல்லுகிறீர்கள்?

மேலும், அதே முதலாம் அதிகாரத்தின் 15ஆம் வசனம் ஆசியா நாட்டிலிருக்கிற யாவரும் தம்மை விட்டு விலகினார்கள் என்கிறது. ஆனால் அடுத்த வசனத்திலேயே எபேசுவில் தமக்கு உபகாரம் செய்த ஒநேசிப்போருவின் வீட்டாருக்காகப் பவுல் ஜெபிக்கிறார். எபேசு அந்த ஆசியா என்ற ரோம மாகாணத்தில்தான் இருந்தது, ஐயா! நொந்துபோன ஒரு கைதி ‘யாவரும்’ என்று எழுதும்போது அவர் மக்கள்தொகைக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

கடுகுவிதை:
இரு தரப்பாரும் மன்னிக்க வேண்டும். கைவிடுதல் என்று எதைச் சொல்லுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. தீத்து தல்மாத்தியாவுக்குப் போனதும் தேமா தெசலோனிக்கேக்குப் போனதும் ஒன்றல்லவே. ஒருவர் ஊழியத்துக்காகவே அனுப்பப்பட்டிருக்கலாம். மற்றவரைக் குறித்து மட்டுமே இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்தான் என்று பவுல் எழுதுகிறார். தோற்சுருள் அவர்களும் தமது முதல் பதிவில் மூவரையும் ஒரே மூச்சில் ஓடிப்போனவர்களாக்கிவிட்டார்.

மேய்ப்பன்கோல்:
லூக்கா ‘வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்’ என்பது வசனமா, உங்கள் கற்பனையா? நான்காம் நூற்றாண்டில் சபை வரலாற்றை எழுதிய யூசேபியுவைக் கேட்போம், அவர் நூலகவாசிகளுக்கும் ஏற்புடையவராயிற்றே. கடிதம் எழுதும்போது லூக்கா உடனிருந்தார், முதல் உத்தரவு சொல்லும்போது அவர்கூட உடனில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ‘அவர்கூட’ என்று தெளிவாகவே சொல்லுகிறார். இனி என்ன சொல்லப் போகிறீர்கள்?

தோற்சுருள்:
யூசேபியுவைப் பாதி வாசித்துவிட்டு வந்து என்மேல் எறிகிறீர்கள். அவர் அந்த முதல் உத்தரவை, பவுல் விடுதலையாவதற்கு முந்திய முதல் சிறைவாசத்தோடு சேர்த்துப் பார்க்கிறார். இந்தக் கடிதமோ பவுல் மறுபடியும் சிறைப்பட்டபோது எழுதப்பட்டது என்பது அவர் கருத்து. லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் அந்த இடத்தோடு முடிந்துபோவதற்குக் காரணம் தேடும் முயற்சியில்தான் லூக்காவின் பேச்சையும் எடுக்கிறார். அதை ஏற்றுக்கொண்டால் உங்களுக்குப் பெரிய சிக்கல் வரும். நடபடிகள் 28:16இல் “நாங்கள் ரோமாபுரியில் சேர்ந்தபோது” என்று எழுதுகிறவர் யார்? லூக்கா. அந்தச் சிறைவாசத்திலிருந்தே எழுதப்பட்டதாகப் பழைய மரபு சொல்லும் கொலோசெயர் நிருபத்தில் “பிரியமான வைத்தியனாகிய லூக்கா” வாழ்த்துச் சொல்லுகிறார். பிலேமோனுக்கு எழுதிய கடிதத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஆகவே அந்த முதல் சிறைவாசத்தின்போது லூக்கா ரோமாவில் இருந்தார். ரோமாவில் இருந்தவர், கப்பற்சேதத்தில்கூடப் பிரியாதவர், வீட்டுக் காவலில் இருந்த நண்பரை விசாரணை நாளில் மட்டும் விட்டுவிட்டார் என்கிறீர்களா?

மேய்ப்பன்கோல்:
பார்த்தீர்களா! முதலில் லூக்கா வந்து சேரவே இல்லை என்றீர்கள். இப்போது லூக்கா ரோமாவிலேயே இருந்தார் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தசமபாகம் பற்றிய இழையிலும் இப்படித்தான் இரண்டு படகில் கால் வைத்துக்கொண்டு பேசினீர்கள். கடைசியில் பதில் சொல்லாமல் மறைந்துபோனீர்கள். அதற்குப் பெயர்தான் தேமாவின் ஆவி.

தோற்சுருள்:
இரண்டு சிறைவாசங்களைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் எழுதினால் அது இரண்டு படகா? உங்கள் யூசேபியுவை ஏற்றால் என்ன விளையும் என்று காட்டினேன். நான் அவரை ஏற்கவில்லை. தசமபாக இழையிலிருந்து நான் மறையவில்லை. மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார், அதுவும் தாங்கள் எழுதிய ஒரு பதிவுக்காகவே பூட்டினார்.

கீர்த்தனைப்பிரியன்:
மேய்ப்பன்கோல் ஐயா சொல்லுவதில் உள்ள உண்மையை வரலாறு முழுவதும் காணலாம். 1782இல் சார்லஸ் சிமியோன் கேம்பிரிட்ஜின் திரித்துவ ஆலயத்துக்குக் குருவாக நியமிக்கப்பட்டபோது, வேறொருவரை விரும்பிய சபையார் தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் நடைபாதையில் நிற்க வேண்டியிருந்தது. அவர் சொந்தச் செலவில் போட்ட விசுப்பலகைகளை ஆலயக் கண்காணிப்பாளர்கள் வெளியே தூக்கிப்போட்டார்கள். அவரோ 1836இல் மரிக்கும்வரை 54 ஆண்டுகள் அதே பிரசங்க பீடத்தில் நின்றார். நமது மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் டேனியத் தளபதியால் கோட்டையில் அடைக்கப்பட்டுப் பல மாதங்கள் கிடந்தார். அவரோடு 1706இல் வந்த புளூட்சோ 1711இல் கப்பலேறிவிட்டார், திரும்பவே இல்லை. தனியாக நின்றவர்கள்தான் நிலைத்தார்கள்.

தோற்சுருள்:
சிமியோன் தனியாக நின்றாரா? மூத்த குருவாகிய ஹென்றி வென்னுடைய வீடு அவருக்குத் திறந்திருந்தது. அவர் வழிநடத்துதலில்தான் அந்த இளைஞர் உருவானார். இருக்கைகள் பூட்டப்பட்டிருந்தாலும் நடைபாதை நிரம்பியிருந்தது என்பதைத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். சீகன்பால்க்கின் காரியமும் அப்படித்தான். 1709இல் வந்த மிஷனெரி குருண்ட்லர், சீகன்பால்க் 1719இல் மரிக்கும்வரை உடனிருந்தார். அடுத்த ஆண்டு குருண்ட்லரும் அதே மண்ணில் மரித்தார். உங்கள் உதாரணங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு லூக்கா இருக்கிறார். அவரை அழித்துவிட்டுத்தான் உங்களால் கதை சொல்ல முடிகிறது. மறுபடியும் கேட்கிறேன்: லூக்கா கைவிட்டார் என்பதற்கு ஒரு வசனம் காட்டுங்கள்.

கீர்த்தனைப்பிரியன்:
புளூட்சோவைப் பற்றி வாய் திறக்கவில்லையே. அவர் தேமாவா, இல்லையா?

தோற்சுருள்:
இல்லை. மிஷனுக்காக ஐரோப்பாவில் வாதாடப் போனார், பின்பு அங்கேயே குருவாகப் பணி செய்தார். ஊரைவிட்டுப் போவதும் கர்த்தரை விட்டுப் போவதும் ஒன்றென்றால், 1750இல் சொந்தச் சபையாராலேயே நீக்கப்பட்டு, மறு ஆண்டு ஸ்டாக்பிரிட்ஜின் பூர்வகுடி மக்களிடம் போன அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸையும் ஓடிப்போனவர் என்று சொல்லிவிடுங்கள்.

அடுப்படி மார்த்தாள்:
ஐயாமாரே, நானும் ஒரு போதகரின் மனைவிதான். எங்கள் சபையில் ஒரு கருத்து வேறுபாட்டுக்குப் பின் மூப்பர்கள் குடும்பம் குடும்பமாக விலகியபோது, மேய்ப்பன்கோல் ஐயா எழுதிய அதே வாக்கியத்தைச் சொல்லி என் கணவரைப் பலர் உற்சாகப்படுத்தினார்கள். விலகியவர்களில் சிலர் சொன்ன குறை நியாயமானது என்பதை அவர் கேட்கவே முடியாமல் போனதற்கு அந்த வாக்கியமும் ஒரு காரணம். ஆட்கள் போவதே நாம் சரி என்பதற்கு அத்தாட்சி என்றால், எந்தப் பிடிவாதக்காரனும் தன்னை அப்போஸ்தலனாக எண்ணிக்கொள்ளலாமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மிஷனெரி வில்லியம் கேரியின் மன உறுதியைப் புகழாத பிரசங்கியார் இல்லை. முதலில் வர மறுத்து, பின்பு வற்புறுத்தலுக்கு இணங்கி 1793இல் அவரோடு கப்பலேறிய அவர் மனைவி டாரதி, மறு ஆண்டு ஐந்து வயது மகன் பேதுருவை வங்காளத்தில் பறிகொடுத்து, மனநிலை குலைந்து, 1807இல் மரிக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். கணவர் நிலைத்து நின்றதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை யாராவது எழுதுவீர்களா, அல்லது லூக்காவின் வருகைப் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருப்பீர்களா?

மேய்ப்பன்கோல்:
சகோதரியின் வேதனையை மதிக்கிறேன். ஆனால் வேதாகமத்தைப் பல மொழிகளில் கொடுத்த ஒரு தேவமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இக்காலத்து நாகரிகம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்று ஆண்டவர் சொன்னதையும் அழித்துவிடுவோமா?

அடுப்படி மார்த்தாள்:
வேதனையை மதிக்கிறேன் என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே என் வாயை அடைக்க ஒரு வசனத்தை எடுத்துவிட்டீர்கள். நான் கேரியை நேசிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. டாரதியின் பெயரையும் சொல்லுங்கள் என்றேன்.

தோற்சுருள்:
சகோதரி சொன்னதில் முதற்பாதியை வழிமொழிகிறேன், அது என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. வருகைப் பதிவேடு என்ற கேலியை மட்டும் ஏற்க முடியாது, ஏனென்றால் எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் தொங்குகிறது. பவுல் தம்மை எல்லாரும் விட்டுப்போனதைத் தம் உண்மைக்குச் சான்றிதழாக எங்கேயும் காட்டவில்லை. “அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக” என்று வேண்டிக்கொண்டார். கன்னானாகிய அலெக்சந்தரைப் பற்றிப் பேசும்போது கர்த்தர் பதிலளிப்பாராக என்று எழுதிய அதே பேனா, பயத்தினால் வராதவர்களுக்கு மன்னிப்புக் கேட்கிறது. அதோடு நிற்கவில்லை. சீக்கிரமாய் வா, மாரிகாலத்துக்குமுன் வா, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா என்று கெஞ்சாத குறையாக எழுதுகிறார். தனிமைதான் ஊழியனின் மகிமை என்று நினைத்தவர் இப்படி ஆள் தேடுவாரா? ஒருகாலத்தில் பம்பிலியாவில் பாதிவழியில் விட்டுப்போனவன் என்று பர்னபாவோடு சண்டையிட்டுத் தள்ளிவைத்த மாற்குவையே இப்போது பிரயோஜனமுள்ளவன் என்று கேட்கிறார். அதிகாரத்தின் முடிவில் ஐபூலு, லீனு தொடங்கி ‘மற்றெல்லாச் சகோதரரும்’ வாழ்த்துகிறார்கள். ரோமாவில் அத்தனை பேர் இருக்கும்போது, தனிமை என்ற உங்கள் சித்திரம் எங்கே நிற்கிறது?

மேய்ப்பன்கோல்:
அத்தனை பேர் ரோமாவில் இருந்தும் ஒருவனும் விசாரணைக்கு வரவில்லை என்றுதானே நானும் சொல்லுகிறேன்! என் வழக்கை எனக்காக நீங்களே நடத்திக் கொடுத்ததற்கு நன்றி. அந்தச் சகோதரர்களோடு லூக்காவும் வீட்டில் இருந்தார்.

தோற்சுருள்:
வீட்டில் இருந்தார் என்று எந்த வசனம் சொல்லுகிறது? ரோம வழக்கப்படி குற்றஞ்சாட்டப்பட்டவனோடு நண்பர்கள் கூட நிற்பதும், அவனுக்காகப் பரிந்து பேசுவதும் உண்டு. அப்படிப் பேசத் தகுதியும் செல்வாக்கும் உள்ள ஒருவனும் முன்வரவில்லை என்பதுதான் பவுலின் முறையீடாக இருக்கலாம். அதற்கும் ஒரு வைத்தியரின் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை.

கடுகுவிதை:
இது மூன்றாவது விளக்கம். முதலில் லூக்கா ஊரில் இல்லை, இப்போது ஊரில் இருந்தாலும் குற்றமில்லை. நான் முன்பே கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தோற்சுருள்:
விளக்கங்கள் எத்தனை இருந்தாலும் ஒன்றுகூட லூக்காவைக் குற்றவாளியாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மேய்ப்பன்கோல்:
ஒருவனும் இல்லை என்றால் ஒருவனும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே பகுதியில்தான் பிரசங்கிக்கப் போகிறேன். என் குறிப்பில் ஒரு எழுத்தையும் மாற்றப்போவதில்லை.

கீர்த்தனைப்பிரியன்:
ஆமென், ஐயா. குருண்ட்லர் வருவதற்கு முன்பே சிறைவாசம் முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தோற்சுருள்:
சிறைவாசம் நடந்தபோது புளூட்சோ தரங்கம்பாடியில்தான் இருந்தார், சகோதரரே. தாங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளையே கூட்டிக் கழித்துப் பாருங்கள். மேய்ப்பன்கோல் ஐயா பிரசங்கத்தை இங்கே பதிவேற்றுவாரானால், வசனத்துக்கு வசனம் பதில் எழுதுகிறேன்.