யார் பக்கத்திலிருந்து வந்தது?

தொடக்கப் பதிவு

மகளுக்கு இப்போது ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம். பிறந்த மூன்றாம் நாள் குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நான் என் மேல் ஒரு வழக்கே நடத்தி முடித்திருந்தேன். மூன்றாம் மாதம் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை, ஐந்தாம் மாதம் படியில் வழுக்கி உட்கார்ந்தது, வேலையில் இரவு ஷிப்ட் எல்லாம் சாட்சிகள். தீர்ப்பையும் நானே எழுதிக்கொண்டேன்.

மரபணு ஆலோசகர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நம் செல்களில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக, 23 ஜோடி. கருமுட்டை உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, முட்டைக்குள் ஒன்றுதான் போக வேண்டும். சில நேரம் 21ஆம் ஜோடி பிரிவதில்லை. இரண்டுமே உள்ளே போய்விடுகின்றன. அப்பாவிடமிருந்து வருவது மூன்றாவது. விந்தணுவிலும் இது நடக்கலாம், ஆனால் பெரும்பாலும் முட்டையில்தான். ஆக, நான் மாத்திரை போட்ட நாளில் இது முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

ஒரு பெண் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல வருஷம் அப்படியே காத்திருக்குமாம். காத்திருப்பு நீள நீள, ஜோடியைச் சரியாகப் பிடித்துப் பிரிக்கும் அமைப்பு தளர்கிறது. அதனால்தான் 35 வயதில் சுமார் 350 பிரசவத்தில் ஒன்று, 40 வயதில் சுமார் 100இல் ஒன்று என்று கணக்கு ஏறுகிறது. எனக்கு அப்போது 27. வயது வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்; இளம் வயதிலும் நடக்கிறது.

லாங்டன் டவுன் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதியது 1866இல். கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்று ழெரோம் லெஜூன் குழுவினர் பிரான்ஸில் அறிவித்தது 1959இல். இடையில் 93 வருஷம். அத்தனை காலமும் அம்மாக்கள் என்னவெல்லாம் கேட்டிருப்பார்களோ!

உங்களுக்கு என்ன காரணம் சொன்னார்கள்? அதற்கு முன் நீங்களாக என்ன நினைத்திருந்தீர்கள்? இரண்டையும் எழுதுங்களேன்.

பதில் 1

எங்கள் பையனுக்கு எஸ்.எம்.ஏ., இரண்டாம் வகை. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்து, தசை வலுவிழக்கும் மரபணு நோய். உட்காருவான், நடக்க மாட்டான். எங்களிடம் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "சொந்தத்தில் கட்டினீர்களா?" இல்லை. இரண்டாவது: "உங்கள் இரண்டு பேர் வீட்டிலும் யாருக்காவது இருந்ததா?" அதுவும் இல்லை. அதனால் நான் இது பரம்பரையாக வந்ததே இல்லை, பிரசவத்தில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மை என்னவென்றால் நானும் கேரியர், மனைவியும் கேரியர். எங்கள் இருவரிடமும் அந்த மரபணுவின் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி. நல்லது ஒன்று இருந்தால் உடம்பு சமாளித்துவிடும். அதனால் எத்தனை தலைமுறையானாலும் சத்தமில்லாமல் இறங்கி வரும். இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அப்படிச் சேர நாலில் ஒரு வாய்ப்பு. எஸ்.எம்.ஏ.வுக்குச் சுமார் 50 பேரில் ஒருவர் கேரியராம். சொந்தத்தில் மணந்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும் (அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது). ஆனால் அந்நியர்களுக்குள்ளும் இரண்டு கேரியர்கள் சந்தித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். நாங்கள் சந்தித்தோம்.

இன்னொன்று. "நாலில் ஒன்று என்றால் உங்களுக்கு ஒன்று வந்தாகிவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை" என்று ஒரு உறவினர் ஆறுதல் சொன்னார். படித்தவர்தான்! ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 சதவீதம். போன முறை என்ன விழுந்தது என்பது தாயக்கட்டைக்குத் தெரியாது.

பதில் 2

என் மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு. இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் கோளாறு. பையன்களுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து. இதைக் கேட்ட நிமிஷமே மாமியார் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. நான் எதிர்த்தும் பேசவில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டூஷேன் குழந்தைகளுக்கு அது புதிதாக உண்டான பிழை, அம்மா கேரியரே இல்லை என்கிறார்கள். அந்த மரபணு மனிதனிடம் இருப்பவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று. 20 லட்சம் டி.என்.ஏ. எழுத்துக்கு மேல். எழுத்து கூடக் கூட அச்சுப்பிழைக்கும் இடம் கூடுமல்லவா?

என் ரத்தப் பரிசோதனையில் கேரியர் இல்லை என்று வந்தது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் எல்லோர் முகத்துக்கும் முன்னால் ஆட்ட வேண்டும் என்று கிளம்பினேன். ஆலோசகர் உட்கார வைத்தார். ரத்தத்தில் இல்லை என்றால் முட்டைகளிலும் இல்லை என்று அர்த்தமில்லையாம். சில பெண்களின் முட்டைகளில் ஒரு பகுதியில் மட்டும் அந்தப் பிழை இருக்கும். அதனால் அடுத்த கர்ப்பத்திலும் கருவைப் பரிசோதிக்கச் சொன்னார். சரி, ரிப்போர்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பதில் 3

என் கதை சின்னது. மகன் உடம்பில் பால் காப்பி நிறத்தில் மச்சங்கள். டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்கள் சட்டையைக் கழற்றுங்கள்" என்றார். என்னிடம் ஒன்பது! சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, அழகு மச்சம் என்று நினைத்திருந்தேன். நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ், முதல் வகை; நரம்புகளில் கட்டிகள் வரக்கூடிய மரபணு நோய். எனக்கு மச்சத்தோடு நின்றுவிட்டது. அதே பிழை அவனுக்குப் பார்வை நரம்பில் கட்டியாக வந்திருக்கிறது. ஒரே எழுத்துப்பிழை, ஒரே வீடு, இரண்டு விதம். என் அப்பா அம்மாவைப் பரிசோதித்தார்கள், இருவருக்கும் இல்லை. அதாவது என்னில்தான் தொடங்கியிருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இப்படித்தானாம்.

பதில் 4

நான் பெற்றோர் இல்லை, அந்தப் "பிள்ளை". அகோண்ட்ரோபிளேசியா, அதாவது எலும்பு வளர்ச்சி குன்றும் கோளாறு; உயரம் நாலு அடி. என்னைப் போன்றவர்களில் 80 சதவீதம் பேருக்கு அப்பா அம்மா சராசரி உயரம்தான். ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது.

தொடக்கப் பதிவு போட்ட அக்காவுக்கு ஒரு சேர்க்கை: வயது என்றாலே எல்லோரும் அம்மாவைத்தான் பார்க்கிறார்கள். என்னுடைய விஷயத்தில் கணக்குக்கு வருவது அப்பாவின் வயது. முட்டைகள் காத்திருக்கின்றன, விந்தணுவை உருவாக்கும் செல்களோ ஓயாமல் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கின்றன. பிரதி எடுக்க எடுக்கப் பிழை சேரும். 2012இல் ஐஸ்லாந்தில் குடும்பங்களின் மரபணுவை முழுதாகப் படித்துப் பார்த்தபோது, அப்பாவின் வயது ஒரு வருஷம் கூடினால் குழந்தைக்குச் சுமார் இரண்டு புதிய மாற்றங்கள் கூடுவதாகக் கண்டார்கள். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. நான் பிறக்கும்போது என் அப்பாவுக்கு 44. அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உன் அம்மாகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

பதில் 5

அப்பாவுக்கு ஹண்டிங்டன், மூளை செல்கள் மெல்ல மெல்லச் சிதையும் நோய். 4ஆம் குரோமோசோமில் ஒரு மூன்றெழுத்து அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. 40 முறையும் அதற்கு மேலும் என்றால் நோய் வரும். 1993இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் இதைவிடத் தெளிவாகத் தெரிந்த நோய் இருக்குமா தெரியவில்லை. எனக்கு 50 சதவீத வாய்ப்பு. இன்னும் பரிசோதித்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

பதில் 6

அக்கா, எங்கள் பாப்பாவுக்கும் டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் 46 குரோமோசோம் என்றுதான் போட்டிருக்கிறது. 47 இருக்க வேண்டாமா? பரிசோதனை தப்பா?

தொடங்கியவர்

தப்பாக இருக்காது தோழி. 46 என்பதோடு நிறுத்தாமல் பக்கத்தில் இருப்பதையும் படியுங்கள். கூடுதல் 21ஆம் குரோமோசோம் தனியாக நிற்காமல் இன்னொன்றோடு, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமோடு, ஒட்டிக்கொண்டிருக்கலாம். எண்ணினால் 46 வரும், ஆனால் 21இன் சரக்கு மூன்று பிரதி இருக்கும். நூறில் மூன்று நாலு பேருக்கு இப்படி. என் மகளுக்கு 47 என்பதால் எங்களைப் பரிசோதிக்கவில்லை. உங்களுக்கு அப்படி விட முடியாது. அந்த ஒட்டு உங்களில் ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கலாம், அது யாரிடம் என்பதைப் பொறுத்து அடுத்த குழந்தைக்கான வாய்ப்பும் மாறும். அம்மாவிடம் என்றால் 10 சதவீதத்துக்கு மேல், அப்பாவிடம் என்றால் மிகக் குறைவு. இருவரும் ரத்தம் கொடுங்கள்.

பதில் 6

திங்கட்கிழமை போகிறோம். "நீ முதலில் கொடு" என்றார் வீட்டுக்காரர். "சேர்ந்தே கொடுப்போம்" என்றேன்.