எக்சார்சிஸ்ட் நாவல்: ரீகனுக்கு நிஜமாகவே பேய் பிடித்ததா?

படிக்கட்டு75:
வில்லியம் பீட்டர் பிளாட்டியின் ‘எக்சார்சிஸ்ட்’ (பேயோட்டுபவர், 1971) நாவல் பற்றி இன்னொரு இழையில், “பேயா மனநோயா என்று கடைசிவரை பிடிகொடுக்காததுதான் நாவலின் சாமர்த்தியம்” என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கதையில் வரும் சினிமா டைரக்டர் டென்னிங்ஸின் பிணத்தைப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை ஒட்டி, பிராஸ்பெக்ட் தெருவிலிருந்து எம் தெருவுக்கு இறங்கும் செங்குத்துப் படிகளின் அடியில் கிடக்கிறார். தலை முழுசாகப் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் ரீகன் பன்னிரண்டு வயதுப் பெண், அவள் கையால் ஆகிற காரியமா இது? துப்பறியும் கின்டர்மேன் சுற்றிச் சுற்றி வருவதே இந்த இடத்துக்குத்தான்.

சந்தேகப்பிராணி:
அதை எழுதியவன் நான்தான். டென்னிங்ஸ் செத்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. விழுந்த வேகத்தில் கழுத்து திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் முடியவே முடியாததில்லை என்று கின்டர்மேனே ஒப்புக்கொள்கிறார்.

கத்தோலிக்கர்களின் 1614ஆம் ஆண்டு சடங்கு நூல், பேய் பிடித்திருக்கிறது என்று லேசில் நம்பாதே என்றுதான் குருவானவருக்கு முதலில் சொல்கிறது. அடையாளங்கள் பிறகுதான் வருகின்றன: தெரியாத மொழி பேசுவது, மறைவானதை அறிந்து சொல்வது, வயதுக்கு மீறிய பலம். நாவலில் ரீகனைச் சோதிக்கும் கராஸ் சேசு சபை (ஜெசூட்) என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் குரு, மனநல மருத்துவரும்கூட. வெறும் குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளிக்கிறார், அவள் துடிக்கிறாள். பேய்க்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா? ஒலிநாடாவில் பதிந்த புரியாத மொழியைத் திருப்பி ஓட்டினால் ஆங்கிலம். தோலில் உதவி கேட்டு எழுத்து எழும்புகிறதே என்பீர்கள். மனத்தின் தாக்கத்தில் தோல் தடிக்கும் என்று அதற்கும் மருத்துவ விளக்கம் இருக்கிறது.

படிக்கட்டு75:
தண்ணீரில் ஏமாந்தது கராஸ், பேய் இல்லை. அவரைச் சந்தேகத்திலேயே ஊறப்போட அது துடிப்பது போல நடித்தது என்று படித்தாலும் பொருந்துகிறது. பேயோட்ட வரும் மூத்த குரு மெரினே அதைப் பொய்யன் என்று எச்சரிக்கிறார், உண்மையோடு கலந்து பொய் சொல்லும் என்கிறார்.

லத்தீனில் கேட்டால் பதில் வருகிறதே? “என் மனதில் இருந்த பதிலைத்தான் படித்துச் சொல்கிறாள், டெலிபதி” என்று கராஸ் சமாளிக்கிறார். பேயை நம்ப மாட்டேன், அடுத்தவர் மனதைப் படிப்பதை நம்புவேன் என்பது எந்த ஊர் நியாயம்?

மன்றாட்டு:
அந்தக் காலத்து அமெரிக்க நியாயம். டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் 1930களிலிருந்தே டெலிபதியை ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்தார். நாவலுக்கு விதை போட்டது 1949இல் மேரிலாந்துச் சிறுவன் ஒருவனைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்தி. பிளாட்டி அப்போது ஜார்ஜ்டவுன் மாணவர். அந்தச் சிறுவனின் லூத்தரன் போதகர் கடிதம் எழுதியதே ரைனுக்குத்தான். விஷயம் சேசு சபையிடமும் போனது. சடங்கு நடந்தது செயின்ட் லூயிஸில், மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் 18 வரை, பெரும்பாலும் இரவுகளில். நடத்திய பவ்டர்ன் அங்கே பல்கலைக்கழக வளாகத்துக் கோயிலின் பங்குக் குரு. சிறுவனின் அடையாளம் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால்தான் நாவலில் பையன் பெண்ணானான்.

என் குறை வேறு. நாவல் அத்தனை வாரங்களையும் சுருக்கிவிட்டது. அன்றைய சடங்கில் புனிதர்களின் மன்றாட்டு மாலை, திருப்பாடல், நற்செய்தி வாசகம் எல்லாம் முடிந்த பிறகு, குரு தன் தோளில் போட்டிருக்கும் ஊதாப் பட்டையின் (ஸ்டோல்) நுனியைப் பேய் பிடித்தவரின் கழுத்தில் சுற்றி, வலக்கையைத் தலையில் வைத்துக் கட்டளை ஜெபம் சொல்ல வேண்டியிருந்தது. பலிக்காவிட்டால் மறுபடி, மறுநாளும் மறுபடி. ஆளை உருக்குலைப்பது இந்த அலுப்புதான். நாவலில் அது போதவில்லை.

ஒன்றை மட்டும் பிளாட்டி கச்சிதமாகப் பிடித்திருக்கிறார். “தேவையில்லாத பேச்சு வேண்டாம்” என்று மெரின் சொல்வது அவர் சொந்தச் சரக்கு இல்லை, சடங்கு நூலின் விதி. எத்தனை ஆவி, பெயர் என்ன, எப்போது, ஏன் புகுந்தது, இவ்வளவுதான் கேட்கலாம். கராஸ் செத்துப்போன அம்மாவைப் பற்றிய பேச்சில் சிக்குகிறார், அங்கேயே கோட்டை விடுகிறார்.

சந்தேகப்பிராணி:
அந்த அம்மா விஷயம் குற்ற உணர்ச்சி, பேயே தேவையில்லை. கடைசிக் காட்சியையும் 1973 படத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். படத்தில் கராஸின் முகம் மாறுவதைக் காட்டிவிடுகிறார்கள். நாவலில் நாம் ரீகனின் அம்மா கிறிஸ், அவருடைய உதவியாளர் ஷாரன் இருவரோடும் கீழே நிற்கிறோம். மேலே கராஸின் கத்தல், அப்புறம் ஜன்னலின் மரமும் கண்ணாடியும் உடையும் சத்தம், அவ்வளவுதான். பேய் அவருக்குள் பாய்ந்ததா, பாய்ந்ததாக அவர் நம்பினாரா? பிளாட்டி வேண்டுமென்றே கதவைச் சாத்திவிட்டார்.

படிக்கட்டு75:
சாத்தட்டும். ரீகன் குணமாகிவிட்டாளே?

சந்தேகப்பிராணி:
பேயோட்டலாம் என்ற யோசனையை கிறிஸ் காதில் முதலில் போட்டதே டாக்டர்கள்தான். பேய் பிடித்ததாக நம்புகிறவளை, பேய் போய்விட்டது என்ற நம்பிக்கையே குணமாக்கலாம் என்று. அவர்கள் சொன்னபடி நடந்திருக்கிறது.

மன்றாட்டு:
திருச்சபையும் அப்போது நூறு சதவீத நிச்சயம் கேட்கவில்லை. ஆயரின் (பிஷப்பின்) அனுமதி கட்டாயம், ஆனால் அதற்கு விவேகமான தீர்ப்பு போதுமாக இருந்தது. கராஸ் அரைமனதோடு ஆயரிடம் போவது விதிக்கு உட்பட்டதுதான். இதை வைத்து இரண்டு பேருமே ஜெயிக்க முடியாது.

படிக்கட்டு75:
நம்பிக்கை நோயைத் தீர்க்கும், ஒத்துக்கொள்கிறேன். சடங்கின் நடுவில் கட்டில் தரையை விட்டு எழும்புகிறது, அதை இரண்டு குருக்கள் பார்க்கிறார்கள். அதற்கு டாக்டர்கள் என்ன மாத்திரை எழுதினார்கள்?