போலோ ஜிடி டிஎஸ்ஐ: எடை குறைந்த வீல், 15-இலேயே இருப்பதா, மேலே போவதா?

வளைவு_வண்டி:
வணக்கம். வண்டி ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 டர்போ, டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்). கம்பெனி அலாய்தான் இன்னும் இருக்கு. பின்பக்கம் 6ஜே × 15 (அகலம் 6 இஞ்ச், விட்டம் 15), ஈடி40 (ஆஃப்செட், அதாவது ஹப்பில் ஒட்டற முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 40 மில்லி வெளிப்பக்கம்) என்று பொறித்திருக்கு. டயர் 185/60 ஆர்15 84எச் (அகலம் 185 மில்லி, பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்), தேய்மானக் கட்டை தொட்டாச்சு. தினசரி ஓட்டம் கோவை - பொள்ளாச்சி, லீவில் வால்பாறை மலைப்பாதை, எப்பவாவது செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக். டயரோடு சேர்த்து ரிம்மையும் மாத்தலாம்னு இருக்கேன். கடையில் 17 இஞ்ச், 205/45 போடச் சொல்றாங்க, "லுக்கும் வரும், கிரிப்பும் வரும்"னு. எனக்கு வேண்டியது எடை குறையணும், ஸ்டியரிங் கூர்மையா வரணும், குழியில் ரிம் போகக்கூடாது. என்ன சைஸ்? என்ன டயர்?

ஈடி_கணக்கன்:
17 வேண்டாம். ரிம் பெருசாகும்போது உலோகம் மையத்தை விட்டு வெளியே நகருது. அதே தயாரிப்பு முறையில் 15-ஐ விட எடையும் கூடும். 45 ப்ரொஃபைலில் பக்கச்சுவர் 92 மில்லிதான், இப்போ உங்களுக்கு 111 இருக்கு. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு குழி போதும், டயர் பக்கம் உப்பிடும்.

எடை விஷயத்தில் ஊரில் சுத்தற கணக்கு ஒண்ணு உண்டு: வீலில் ஒரு கிலோ குறைச்சா வண்டியில் பத்து கிலோ குறைச்ச மாதிரின்னு. அப்படி இல்லை. முடுக்கத்துக்கு மட்டும் பார்த்தால் ரிம்மில் குறையும் ஒரு கிலோ சுமார் ஒன்றரை கிலோவுக்குச் சமம்; டயரில் குறைந்தால், அது விளிம்பிலேயே சுழல்வதால், இரண்டை நெருங்கும். வீலுக்கு 2 கிலோ வீதம் நாலிலும் 8 கிலோ குறைஞ்சா, எஞ்சினுக்கு 12 கிலோ இறங்கின மாதிரி. 1100 கிலோ வண்டியில் இது ஒரு சதவீதம்தான், பிக்கப்பில் பெருசா தெரியாது. பலன் தெரியற இடம் வேற: கரடுமுரடான வளைவில் சக்கரம் குதிக்காம ரோட்டை ஒட்டி நிக்கும், டேம்பருக்கு வேலை குறையும், ஸ்டியரிங் திருப்பினதும் மூக்கு திரும்பும்.

சைஸுக்கு என் ஓட்டு 195/55 ஆர்15. விட்டம் 603 மில்லியிலிருந்து 595.5 ஆகும், 1.2 சதவீதம் கம்மி. தரை இடைவெளி 4 மில்லிக்குள்தான் குறையும், கியர் துளி குட்டையாகும், அது ட்ராக்கில் நல்லதுதான். வழக்கமான லோட் இண்டெக்ஸ் (ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியெண்) 85, அதாவது 515 கிலோ. உங்க 84-க்கு 500. அதனால் காற்றழுத்தம் பெட்ரோல் மூடி ஸ்டிக்கரில் இருப்பதையே வைக்கலாம். 205/50 ஆர்15 விட்டம் 586-க்கு இறங்கிடும், வேகத்தடையில் அடி தட்டும்.

அச்சுவார்ப்பு:
மேலே சொன்னதோட ரிம் எப்படி செஞ்சதுன்னும் பாருங்க. கடையில் குறைஞ்ச விலைக்குக் கிடைக்கிறது சாதாரண வார்ப்பு, அதாவது கிராவிட்டி காஸ்டிங். பலத்துக்காகத் தடிமனா விட்டிருப்பாங்க, கம்பெனி அலாயை விடக் கனமாவே இருக்கும். புது அலாய் போட்டும் வண்டி மந்தமா இருக்குன்னு சொல்றவங்க பலபேர் வண்டியில் இருக்கிறது இதுதான். அடுத்தது ஃப்ளோ ஃபார்மிங்: முகப்பை வார்த்துட்டு, உருளைப் பகுதியைச் சூடாக்கி உருளைகளால் அழுத்தி நீட்டுவாங்க, மெல்லிசா இருந்தும் பலம் இருக்கும். என்கெய் ஆர்பிஎஃப்1 இந்த வகை, 15×7 அளவில் 5 கிலோவுக்கும் கீழே வரும். ஃபோர்ஜ்டு (வார்க்காம, உலோகத்தை அழுத்தி உருவாக்கினது) இதுக்கும் மேலே. பலம் அதிகம், விலையும் அப்படியே. உங்க தேவைக்கு ஃப்ளோ ஃபார்மிங் போதும்.

"லைட் வெயிட்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நம்பாதீங்க. மீன் தூக்கற கொக்கித் தராசு ஒண்ணு எடுத்துட்டுப் போய்க் கடையிலேயே தொங்க விட்டுப் பாருங்க. ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல் (ஜப்பானின் அலாய் வீல் தரம்) முத்திரையும், வீல் தாங்கும் எடையும் வார்ப்பிலேயே இருக்கணும். ஜேடபிள்யூஎல் தயாரிப்பாளரே சோதிச்சுப் போடறது. கூடவே விஐஏ இருந்தா ஜப்பானில் வெளியாளும் சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். பேர் போன டிசைனை அப்படியே காப்பி அடிச்ச ரிம்மில் தாங்கும் எடை எண்ணே இல்லைன்னா தொடாதீங்க, அது எத்தனை லேசா இருந்தாலும் சரி.

விரிசல் விட்ட ரிம்மை ஆர்கான் வெல்டிங் வச்சுப் பாலிஷ் போட்டு விக்கறாங்க. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தோட வெப்பப் பதம் போயிடும், பக்கத்திலேயே மறுபடி விரியும். பழசு வாங்கினா உள் உதட்டை விரலால் சுத்தித் தடவிப் பாருங்க, பேலன்சிங் மெஷினில் சுத்தவும் விடுங்க.

நெடுஞ்சாலை_16:
15-க்கு நான் உடன்படலை. பின்னாடி வந்த ஜிடி-க்கு கம்பெனியே 195/55 ஆர்16 கொடுத்தது. டயர் தேர்வு 16-இல்தான் அதிகம். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்கு உரிமம் வேணும்; அதுக்கப்புறம் 15-இல் ஸ்போர்ட் டயர் கிடைக்கறதே கஷ்டம்.

ஈடி_கணக்கன்:
இறக்குமதி பத்திச் சொன்னது சரி. ஆனா 195/55 ஆர்16 விட்டம் 621, இவர் வண்டியில் 3 சதவீதம் கூடும். கியர் நீளமாகும், டயர் எடையும் ஏறும். லேசாக்க வந்தவருக்கு அது எதிர்த்திசை. 16 போட்டே ஆகணும்னா 195/50 ஆர்16 தான் கணக்குக்கு ஒட்டும், விட்டம் 601. அந்த சைஸ் டயர் கையில் கிடைச்ச பிறகே ரிம்முக்கு முன்பணம் கொடுங்க.

ட்ராக் டயர் ஆசை இருந்தா, யோகோஹாமா நியோவா ஏடி09-உம் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ்-உம் 195/55 ஆர்15 அளவில் தயாராகுது. ஆனா தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். சீக்கிரம் தேயும், கரகரன்னு சத்தம் போடும், வால்பாறை மழையில் தேங்கின தண்ணியில் மிதக்கும். நல்ல டூரிங் டயரே போதும். ஒரே சைஸில் பிராண்டுக்கு பிராண்ட் ஒரு கிலோ வரை வித்தியாசம் வரும், அதையும் எடை போடச் சொல்லுங்க. வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்க எண் பாருங்க: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம்.

வளைவு_வண்டி:
நன்றி. ஃப்ளோ ஃபார்ம்டு ஒண்ணு சொல்றாங்க: 15×7, ஈடி35, 5×100 (100 மில்லி வட்டத்தில் 5 போல்ட்), நடுத்துளை 73.1, எடை 5.6 கிலோ. எடுக்கலாமா? இப்போ இருக்கிற போல்ட்டே போடலாம்னு கடைக்காரர் சொல்றார்.

ஈடி_கணக்கன்:
போல்ட்டைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதைக் கேட்காதீங்க. ஃபோக்ஸ்வாகன் ஒரிஜினல் போல்ட் தலைக்கு அடியில் உருண்டை இருக்கை. வெளி ரிம்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டையைக் கூம்பில் இறுக்கினா ஒரு மெல்லிய வளையத்தில்தான் ஒட்டும். டார்க் ரெஞ்ச் சரியா காட்டும், ஓட ஓடத் தளரும். எம்14×1.5 கூம்பு போல்ட் புதுசா 20 வாங்குங்க. பழைய போல்ட் ரிம்முக்குப் பின்னால் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கோ, புதுசும் அவ்வளவே நீட்டணும். கம்மின்னா மரை போதாது. அதிகம்னா பின் டிரம்முக்குள்ளே போய் இடிக்கும்.

நடுத்துளை 57.1 வேணும். 73.1-க்கு ஹப்புக்கும் துளைக்கும் நடுவில் இடைவெளியை நிரப்பற வளையம் போட்டே ஆகணும், இல்லைன்னா 90-க்கு மேல் ஸ்டியரிங் உதறும், எத்தனை பேலன்சிங் பண்ணாலும் போகாது.

ஆஃப்செட்: ரிம் அகலத்தில் பாதியிலிருந்து ஈடி-யைக் கழிச்சா ஹப்பிலிருந்து வெளியே நிக்கற அளவு, கூட்டினா உள்ளே போற அளவு. இப்போ வெளியே 36.2, உள்ளே 116.2. அந்த 7ஜே ஈடி35-க்கு வெளியே 53.9, உள்ளே 123.9. அதாவது 17.7 மில்லி துருத்தும், ஸ்ட்ரட் பக்கம் 7.7 நெருங்கும். நாலு பேர் உட்கார்ந்தா பின்னாடி ஆர்ச்சில் உரசலாம். ஸ்டியரிங்கும் ரோட்டுச் சரிவைத் தேடிப் போகும், பேரிங்குக்கும் சுமை. 6.5ஜே ஈடி38 தேடுங்க: வெளியே 8.4, உள்ளே 4.4 தான் கூடும். 195/55-க்கு 5.5 முதல் 7 வரை ரிம் ஆகும், அதனால் இதில் நிம்மதியா உட்காரும்.

அச்சுவார்ப்பு:
மாட்டறப்போ ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ச்சு எடுங்க. மரையில் கிரீஸ் கூடாது. கிரீஸ் இருந்தா அதே டார்க்கில் போல்ட் கூடுதலா இழுபடும். நட்சத்திர வரிசையில் கையால் சேர்த்து, கீழே இறக்கின பிறகு 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னைப் பக்கத்தில் விடாதீங்க. 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பார்க்கணும். ஸ்டெப்னிக்கு இந்தக் கூம்பு போல்ட் சேராது, பழைய உருண்டை போல்ட் அஞ்சை டிக்கியிலேயே போட்டு வைங்க. இன்சூரன்ஸ்காரருக்கும் ஒரு மெயில் அனுப்பிடுங்க.