மறுமொழி: ‘யாட்’ – உல்லாசப் படகா, உலாக்கலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்காகக் கடலில் சுற்றிவரப் பயன்படும் ‘யாட்’ (yacht) என்ற கலத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். “நாளிதழ்களில் ‘உல்லாசப் படகு’ நிலைத்துவிட்டதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?” என்று நேற்று அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

‘சன்டவுனர்’ என்ற மோட்டார் யாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 58 அடி நீளம், மரத்தில் கட்டியது. 1912இல் பிரிட்டிஷ் கடற்படைக்கான நீராவிப் படகாகப் பிறந்தது. டைட்டானிக்கின் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர் தப்பிய சார்லஸ் லைட்டாலர் 1929இல் அதை வாங்கி யாட்டாக மாற்றினார். 1940இல், இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் சிக்கிய வீரர்களை மீட்கக் கடற்படை படகைக் கேட்டபோது, “நானே ஓட்டிப் போகிறேன்” என்று ஜூன் 1ஆம் தேதி கிளம்பிவிட்டார். கூட மூத்த மகனும் ஒரு கடற்சாரண (சீ ஸ்கவுட்) இளைஞனும். இடம் போதாதென்று பாய்மரம் முதற்கொண்டு கழற்றி இறக்கியிருந்தார்கள். அதுவரை 21 பேருக்கு மேல் ஏற்றியிராத படகு, சுமார் 130 பேரோடு இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் துறைமுகம் வந்து சேர்ந்தது. இதை ‘உல்லாசப் படகு’ என்று எழுதக் கை வருமா?

‘யாட்’டின் மூலம் ஒரு டச்சுச் சொல். வேட்டை, விரட்டல் என்று பொருள். 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லசுக்கு ‘மேரி’ என்ற யாட்டைப் பரிசளித்தது. அதன் பிறகே இங்கிலாந்தில் இந்த மோகம் பரவியது. ‘வேட்டைக்கலம்’ என்றால் நமக்குப் போர்க்கப்பல் போலக் கேட்கும். வேண்டாம்.

என் பரிந்துரை ‘உலாக்கலம்’. உல்லாசம் மனநிலையைச் சொல்கிறது, உலா போக்கைச் சொல்கிறது. அரசன் வீதியில் வருவதும் உலாதான், மாலையில் நாம் காலாற நடப்பதும் உலாதான். அரசர் கலத்துக்கும் லைட்டாலர் கலத்துக்கும் ஒருங்கே பொருந்தும்.

மோட்டாருக்கு? ‘விசைப்படகு’ என்றாலே ராமேஸ்வரத்திலும் நாகையிலும் மீன்பிடிப் படகுதான் கண்ணில் வரும். ஆனால் ‘கலம்’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் இல்லை: விசை உலாக்கலம், பாய் உலாக்கலம். ‘பொறி’ வேண்டாம், எலிப்பொறியும் தீப்பொறியும் குறுக்கே வரும். ‘மர’ என்பதையும் இதோடு ஒட்ட வேண்டாம், ‘மரத்தாலான’ என்று பிரித்தே எழுதலாம்.

இன்னொன்று. பலகைக்குப் பலகை உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் தட்டித் தட்டி இறுக்கி, மேலே மக்குப் பூசி, நீர் புகாமல் அடைக்கிறார்களே, அதற்கு (caulking) நம் கலைச்சொல் பட்டியலில் ‘இடைவெளி நிரப்பல்’ என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ‘கலப்பற்று’ என்று நம் அகராதியிலேயே சொல் இருக்கிறது.