நம்ம பனியன், தறித் தொழிலுக்காக தலைவருங்க பேசுனத நேர்ல பாத்தவங்க சொல்லுங்க (திருப்பூர், பல்லடம், சோமனூர்)

ஓவர்லாக் டெய்லர்:
2022 மே, நூல் வெல ஏறுனதுக்கு ஸ்ட்ரைக், 16, 17 ரெண்டு நாளும் ஊரே ஷட்டர் சாத்துச்சே, அந்த சமயத்துல எங்க ஏரியா கூட்டத்துக்கு ஒரு தலைவர் வந்தாரு, பேரு வேண்டாம். பஞ்சு பதுக்கல், நூல் ஏத்துமதிக்கு தடை போடணும்னு வெளுத்து வாங்குனாரு. கைதட்டு அடங்குறப்ப செக்கிங் அக்கா ஒருத்தங்க எந்திரிச்சு "ஏனுங்க, நூல் வெல எறங்குனா எங்க பீஸ் ரேட்டு, உருப்படிக்கு இவ்வளவுங்கற கூலி, ஏறுமுங்களா"ன்னுட்டாங்க. மனுசன் மைக்க புடிச்சுக்கிட்டே ஓனருங்க உக்காந்திருந்த வரிசையப் பாக்கறாரு, அவிக எல்லாம் செல்ல நோண்டறாங்க. அப்பறம் நன்றி வணக்கம்.

பேக்கிங் செக்‌ஷன்:
அப்ப யாரும் பேசவே வேண்டாங்கறீங்களா தம்பி? 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு வரிய 50 சதவீதமாக்குனப்ப எங்க கம்பெனில பொட்டி கட்டி லேபிள் ஒட்டி நிக்குது, பையர் ஹோல்டுன்னு மெயில் போட்டான், வேற யாருக்கும் விக்கவும் முடியாது. ஸ்டாலின் பிரதமருக்கு லெட்டர் எழுதுனாரு, அதே மாசம் 19ல இருந்து 2025 டிசம்பர் கடைசி வரைக்கும் மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்த எடுத்துச்சு. இது பலன் இல்லையா?

நூல்கட்டு:
அண்ணே, அந்த வரிய 2021ல போட்ட நாள்ல இருந்தே எடுக்கச் சொல்லி மில்லுக்காரங்க கரடியா கத்துனாங்க, ஒரு லெட்டருக்கா எடுத்தான்? சரி எடுத்தான், உங்க பொட்டி நகந்துச்சா?

பேக்கிங் செக்‌ஷன்:
இல்ல. அதுக்காக லெட்டரே போடக்கூடாதா?

பல்லடம் தறி:
எங்க ஊர்ல கூலி உயர்வு பேச்சுவார்த்தைக்கு எல்லா கட்சிக்காரங்களும் வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, ஒத்துக்கிட்ட கூலிய அப்பறம் பாதிப்பேர் தரல, அவ்வளவுதான் என் கத. டெய்லர் தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், எவனையும் நம்பாதீங்க, மொதல்ல உத்யம் பதிவு, அதான் மத்திய அரசோட சிறுதொழில் பதிவு, பண்ணுங்க, அது இலவசம், ஏஜென்ட்டுக்கு காசு குடுத்து ஏமாறாதீங்க. ஜாப் ஒர்க் எடுத்தா எழுத்துல வாங்குங்க, ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன நாளுக்குள்ள, மிஞ்சிப்போனா 45 நாள், இல்லாட்டி 15 நாளுக்குள்ள பார்ட்டி பணம் தரணும், இழுத்தடிச்சா வட்டியோட கேக்கலாம், சிறுதொழில் பாக்கிக்குன்னு மத்திய அரசு வெச்சிருக்கற ஆன்லைன் போர்ட்டல்ல புகார் குடுக்கலாம். பில்லு, டெலிவரி சலான் எல்லாத்தையும் பைல்ல போட்டு வைங்க, வாட்ஸப் மெசேஜ்கூட அழிக்காதீங்க.

ஓவர்லாக் டெய்லர்:
அண்ணே நான் பீஸ் ரேட் டெய்லருங்க, சனிக்கெழம சம்பளம். எனக்கெதுக்குங்க உத்யம்?