ஈஸ்ட் சேர்த்த மோர் பிஸ்கட் உயராமல் பரவுகிறது: உதவி தேவை

வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஈஸ்ட், பேக்கிங் பவுடர், பேக்கிங் சோடா மூன்றையும் சேர்த்துச் செய்யும் மென்மையான மோர் பிஸ்கட்டை (தேநீரில் தோய்க்கும் மொறுமொறுப்பான பிஸ்கட் அன்று, பன்னுக்கு நெருங்கிய உறவு) மூன்று வாரங்களில் நான்கு முறை செய்தும் சரிவரவில்லை.

ஓவனில் வைத்த ஐந்தாவது நிமிடமே வெண்ணெய் உருகித் தட்டில் வழிகிறது. பிஸ்கட் மேலெழாமல் பக்கவாட்டில் பரவி, அடிப்பாகம் பொரித்ததுபோல் சிவக்க, நடுப்பகுதி களியாகவே நின்றுவிடுகிறது. லேசான புளித்த வாடையும் உண்டு.

அளவு: 320 கிராம் மைதா, 115 கிராம் வெண்ணெய், 240 மில்லிலிட்டர் மோர், ஒரு தேக்கரண்டி உடனடி ஈஸ்ட். கடையில் மோர் கிடைக்காததால் முதலில் பாலில் எலுமிச்சைச் சாறு கலந்தேன். பிறகு கெட்டித் தயிரைக் கரைத்துக்கொண்டேன், இதில் சுவை மட்டும் மேம்பட்டது. புதிய ஈஸ்ட் வாங்கினேன். வெண்ணெயை உறையவைத்துத் துருவிச் சேர்த்தேன். மின்விசிறி இல்லாத 30 லிட்டர் மின் ஓவனில் 220 டிகிரி செல்சியஸ் இருப்பதை வெப்பமானி வைத்து உறுதிசெய்தேன். வெட்டிய மாவை 31 டிகிரி வெப்பமுள்ள சமையலறையில் ஒரு மணி நேரம் உப்பவைப்பதை மட்டும் நான் இதுவரை மாற்றவில்லை; எனக்கு அதன்மீதுதான் சந்தேகம்.

நம் ஊர் வெக்கையில் இதைச் செய்து பழகியவர்கள் கூறுங்கள்: மாவை இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் வெட்டியவுடன் வெளியே உப்பவைக்காமல் நேராக ஓவனில் வைக்கலாமா?